30 சிசி பெட்ரோல் என்ஜின்: ஸ்பின்னர் கவுலின் மையத்தில் நிற்கவில்லை, வாஷர் வைத்துச் சரிசெய்யலாமா?

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகளாக 46 அளவு (0.46 கன அங்குல) குளோ என்ஜின், அதாவது மெத்தனால் எரிபொருளில் ஓடும் என்ஜின், பொருத்திய ரேடியோ மாதிரிப் பயிற்சி விமானங்களைப் பறக்கவிட்டு வருகிறேன்; பெட்ரோல் என்ஜினுக்கு இப்போதுதான் முதன்முறையாக வருகிறேன். புதுச்சேரியில் ஒருவரிடமிருந்து 73 அங்குல இறக்கை கொண்ட பால்சா ஏரோபாட்டிக் விமானம் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். என்ஜின் மட்டும் புதியது, டிஎல்இ 30.

முந்தைய உரிமையாளர் ஃபயர்வாலின் (என்ஜினைத் தாங்கும் முன்பலகையின்) நட்டநடு மையத்தைக் கணக்கிட்டு நான்கு துளைகளைப் போட்டு, பின்பக்கம் பிளைண்ட் நட்டும் (பலகைக்குள் பதியும் நட்டு) அடித்து வைத்திருந்தார். அவர் என்ஜினை ஏற்றிப் பார்த்ததே இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்தத் துளைகளிலேயே ஸ்டாண்ட்-ஆஃப் (இடைவெளி தரும் தூண்கள்) வைத்து என்ஜினைப் பொருத்தி, கவுலை (என்ஜினை மூடும் முன்கூட்டை) மாட்டிப் பார்த்தேன். வாலிலிருந்து மூக்கை நோக்கிப் பார்க்கையில் ஸ்பின்னர் (புரொப்பெல்லரின் நடுவில் உள்ள கூம்பு) ஐந்தாறு மில்லிமீட்டர் வலப்பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. ஆனால், ஸ்பின்னரின் அடித்தட்டுக்கும் கவுலின் முன்விளிம்புக்கும் இடையிலான இடைவெளி சுற்றிலும் ஒரே சீராக 3 மி.மீ. இருக்கிறது. ஃபயர்வால் முகத்திலிருந்து புரொப் உட்காரும் தட்டு வரை 160 மி.மீ.

வலப்பக்க ஸ்டாண்ட்-ஆஃப்கள் இரண்டுக்கும் பின்னால் 2 மி.மீ. வாஷர் வைத்துப் பார்த்தேன். ஸ்பின்னர் அழகாகக் கவுலின் மையத்துக்கு வந்துவிட்டது. இப்படியே விட்டுவிடலாமா என்பதுதான் என் முதற்கேள்வி.

இரண்டாவது, டேங்க் வைக்கும் தட்டு இறக்கைக் குழாய்க்கு மேலே, கார்புரேட்டரிலிருந்து ஓரடிக்கும் அப்பால் இருக்கிறது. குளோ என்ஜினில் டேங்க்கைக் கார்புரேட்டருக்கு நேராகவும் முடிந்தவரை அருகிலும் வைக்க வேண்டும் என்று படித்தவன் என்பதால், இது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது விற்றவர் வீட்டில் இரண்டு நாள் தண்ணீர் நின்றதாம். விமானம் பரண்மேல் இருந்ததாகத்தான் சொன்னார். இருந்தாலும் ஃபயர்வாலின் கீழ் இடது மூலை மட்டும் லேசாக உப்பியதுபோல் தெரிகிறது.

வில்லியனூர் வானம் எழுதியது:

நண்பரே, முதலில் அந்த வாஷர்களைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுங்கள். உங்கள் ஸ்பின்னர் வலப்பக்கம் நிற்பதற்குக் காரணம் என்ஜின் கோணல் அல்ல. கோணம் சரியாக இருப்பதுதான்.

உங்கள் விமானத்தின் ஃபயர்வால் தொழிற்சாலையிலேயே சற்று வலப்பக்கம் நோக்கித் திருப்பி ஒட்டப்பட்டிருக்கிறது. இதைத்தான் நாம் ரைட் த்ரஸ்ட் என்கிறோம். விமானியின் பார்வையில் புரொப் கடிகாரச் சுற்றில் சுழல்வதால், அது பின்னுக்குத் தள்ளும் காற்று உடலைச் சுருளாகச் சுற்றிவந்து செங்குத்து வாலின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் வலப்பக்கம் தள்ளப்பட, மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. கிடைமட்டப் பறத்தலில் அது கண்ணில் படாது. வேகம் குறைந்து, என்ஜின் மட்டும் முழு வலுவில் இழுக்கும் செங்குத்து ஏற்றத்தில்தான் அது தன் வேலையைக் காட்டும். அதற்கு ஈடாகவே ஏரோபாட்டிக் விமானங்களில் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று பாகை வரை தண்டை வலப்பக்கம் சாய்க்கிறார்கள்.

இனி உங்கள் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பாகையின் டேன்ஜென்ட் ஏறத்தாழ 0.035. அதை 160-ஆல் பெருக்கினால் 5.6 மி.மீ. நீங்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன ஐந்தாறு மில்லிமீட்டர் இதுதான். என்ஜினைச் சாய்த்து வைத்தால் அதன் மூக்கு வலப்பக்கம் போகும் என்பதால், அடிப்பகுதியை அதே அளவு இடப்பக்கம் தள்ளித் துளையிட வேண்டும். அப்போதுதான் ஸ்பின்னர் நடுவில் வந்து நிற்கும். முந்தைய உரிமையாளர் மையத்தை மிகச் சரியாகக் கண்டுபிடித்து, அங்கேயே துளையும் போட்டுவிட்டார். இடைவெளி சுற்றிலும் சீராக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? கவுலின் முன்விளிம்பும் அதே கோணத்தில் செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. நீங்கள் வைத்த வாஷர் ஸ்பின்னரை மையத்துக்குக் கொண்டுவந்ததோடு, ரைட் த்ரஸ்ட் முழுவதையும் அழித்துவிட்டது. இப்போது இடைவெளியை மறுபடி அளந்து பாருங்கள், ஒருபக்கம் மற்றதைவிட அகன்றிருக்கும்.

கோணத்தை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. வாஷர் இல்லாமல் என்ஜினைப் பழைய துளைகளிலேயே மாட்டி, 18 அங்குலப் புரொப்பைக் கிடைமட்டமாகத் திருப்பி, வலப்பக்க நுனியிலிருந்து சுக்கான் கீல்வரை நீளாத நூலால் அளந்துகொள்ளுங்கள். பிறகு புரொப்பை அரைச்சுற்று திருப்பி, அதே இறகின் நுனியை இடப்பக்கம் கொண்டுவந்து மறுபடி அளந்துகொள்ளுங்கள். ஒரே இறகைக் கொண்டு இருபுறமும் அளந்தால், புரொப்பில் உள்ள சிறு கோணல் கணக்கில் நுழையாது. வலப்பக்க அளவு ஏறத்தாழ 16 மி.மீ. குறைவாக இருந்தால் இரண்டு பாகை, 24 மி.மீ. குறைவாக இருந்தால் மூன்று பாகை. ஸ்பின்னர் மையத்திலிருந்து விலகி நிற்பது இந்த அளவை இரண்டு மில்லிமீட்டருக்குமேல் கெடுக்காது.

டேங்க்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் என்ஜினில் இருப்பது டயஃப்ரம் பம்ப் உள்ள கார்புரேட்டர். கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பைக் கொண்டு அது எரிபொருளைத் தானே இழுத்துக்கொள்ளும். டேங்க் ஈர்ப்பு மையத்தின் மீதே இருந்தால், எரிபொருள் தீரத் தீர விமானத்தின் எடைச்சமநிலை மாறாது. ஆனால், குளோவில் பயன்படுத்திய சிலிகான் டியூபையும் பழைய ரப்பர் மூடியையும் இதில் போட்டுவிடாதீர்கள். பெட்ரோலில் ஊறிப் பருத்து, ஒருநாள் டேங்க்குக்குள்ளேயே கழன்றுவிடும்.

புதிய துளைகளைப் பொறுத்தவரை, பழையவற்றைக் கடின மரக்குச்சியும் எபாக்ஸியும் கொண்டு அடைத்துவிட்டு, 5.6 மி.மீ. இடப்பக்கம் தள்ளிப் போடுங்கள். நீங்கள் விமானத்துக்கு முன்னால் நின்று துளையிடுவீர்கள் என்பதால், விமானியின் இடப்பக்கம் உங்கள் கைக்கு வலப்பக்கமாக வரும். இதைப் பென்சிலால் ஃபயர்வாலிலேயே எழுதி வையுங்கள். நான் ஒருமுறை எழுதாமல் துளையிட்டு, 11 மி.மீ. தள்ளி நின்ற ஸ்பின்னரை அரைமணி நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லேத்துப் பட்டறை (சேதராப்பட்டு) எழுதியது:

மேலே சொல்லப்பட்ட கணக்கில் எனக்கு மறுப்பில்லை. துளையை அடைத்துப் பக்கத்தில் துளையிடச் சொல்வதில்தான் மறுப்பு. பிளைண்ட் நட்டின் கழுத்துக்கே ஆறு மில்லிமீட்டருக்கு மேல் துளை வேண்டும், அதிலிருந்து 5.6 மி.மீ. தள்ளினால் புதிய துளை பழைய துளையின் மேலேயே ஏறிவிடும். அடைத்த குச்சியில் பாதியும் பிளைவுட்டில் பாதியுமாக நிற்கும் நட்டு, ஒற்றைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்கின் அதிர்வை எத்தனை நாள் தாங்கும்?

அதைவிட முக்கியம், அந்த உப்பிய மூலை. ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஃபயர்வாலின் மேல்மூலையிலிருந்து கீழ்மூலை வரை ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒருமுறை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல பிளைவுட் கணீரென்று ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் ஒலி மந்தமாகி, பொத்பொத்தென்று கேட்கும். பரண்மேல் இருந்தது என்று விற்றவர் சொன்னதைவிட அந்த ஒலி சொல்வதை நம்பலாம். அடுக்கு பிரிந்திருந்தால், மேலே பசை தடவி இறுக்குவதெல்லாம் வீண். ஃபயர்வாலை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அப்போது பழைய துளைகளின் பிரச்சினையும் அதோடு போய்விடும்.

வெட்டுவதற்கு முன்னால் கோணத்தைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். மேலே சொன்ன நூலளவை எடுத்துத் தாளில் எழுதுங்கள். விமானத்தின் இரு பக்கச் சுவர்களிலும் ஃபயர்வால் முகம் சந்திக்கும் கோட்டைக் கத்திமுனையால் கீறி வையுங்கள். புதிய பலகைக்கு 6 மி.மீ. பிர்ச் பிளைவுட் வேண்டும். கிடைக்காவிட்டால் நல்ல மரைன் பிளைவுட் ஆகும், ஆனால் வெட்டிய விளிம்பில் வெற்றிடம் தெரிந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. கடலூர் துறைமுகத்தில் ஃபைபர் படகு கட்டுபவர்களிடம் ரெசின் எளிதாகக் கிடைக்கும் என்பதால், நம் பக்கத்தில் பலர் அதை வாங்கிவந்து இந்த வேலைக்கு ஊற்றுகிறார்கள். அது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். படகுக்கு நல்லது, மரத்தோடு மரத்தை ஒட்டுவதற்கு எபாக்ஸியின் பக்கத்தில் கூட நிற்காது. ஐந்து நிமிட எபாக்ஸியும் வேண்டாம். மரத்துக்குள் ஊறுவதற்கு முன்பே அது இறுகிவிடுகிறது. அரைமணி நேர எபாக்ஸியோ, அதைவிட மெதுவானதோ எடுத்துக்கொண்டு, உள்மூலைகளில் முக்கோணக் கட்டைகளையும் சேர்த்து ஒட்டுங்கள். இறுகியபின் பக்கச் சுவர்வழியாக ஃபயர்வாலின் விளிம்புக்குள் சிறு துளைகளிட்டு, எபாக்ஸியில் தோய்த்த மூங்கில் குச்சிகளைச் செருகிவிட்டால், பசை மட்டுமே இழுவையைத் தாங்க வேண்டிய நிலை இராது. கடைசியாக, முகம் முழுவதும் மெல்லிய எபாக்ஸிப் பூச்சு. இல்லாவிட்டால் பெட்ரோலும் எண்ணெயும் ஊறி மறுபடி இதே கதைதான்.

போல்ட் எம்5, கழற்றியெடுக்கக்கூடிய நடுத்தர வகை த்ரெட்-லாக்கர் (மரை கழலாமல் பிடிக்கும் பசை). முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி அல்லன் கீ போட்டுப் பாருங்கள்; புதிய மரம் சற்று அமுங்கும் என்பதால் கால் சுற்றாவது இறங்கும்.

கெடிலக்கரை எழுதியது:

ஐயா இருவருக்கும் நன்றி. லேத்துப் பட்டறை அண்ணன் சொன்னபடி தட்டிப் பார்த்தேன். கீழ் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒலி செத்திருந்தது. கத்தியை நுழைத்தபோது முதல் அடுக்கு அப்பளம்போல் எழும்பிவந்தது. நூலளவில் வித்தியாசம் 17 மி.மீ. வந்ததால் இரண்டு பாகைக்குச் சற்று மேல் என்று கொண்டு, அதே கோணத்தில் புதிய ஃபயர்வால் ஒட்டி, ஆறு மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளித் துளையிட்டேன். ஸ்பின்னர் கவுலின் மையத்தில் நிற்கிறது, வாஷர் ஒன்றுகூட இல்லாமல்.

தரையில் என்ஜின் நன்றாகவே ஓடுகிறது. 18×8 புரொப், முப்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். சோக்கை மூடிப் புரொப்பை நான்கைந்து முறை கையால் சுண்டியதில் ஒருமுறை வெடித்தது. திறந்து சுண்டியதும் பிடித்துக்கொண்டது. ஆனால், முதல் மூன்று பறத்தல்களிலும் ஒரு தொல்லை. கவுல் இல்லாமல் தரையில் ஊசிகளைச் சரிசெய்துவிட்டு, கவுலை மாட்டி மேலேற்றினால், வேகமாகப் போகும்போது என்ஜின், கலவையில் பெட்ரோல் கூடிக் கனத்து, உறுமுகிறது. லூப்பின் உச்சியில் வேகம் குறையும்போது தெளிந்துவிடுகிறது. எல்-ஊசி (குறைந்த வேகக் கலவைக்கு), எச்-ஊசி (முழு வேகக் கலவைக்கு) இரண்டையும் மாற்றி மாற்றித் திருகிவிட்டேன். வெப்பமும் கவலையாக இருக்கிறது, இறங்கியதும் சிலிண்டர் பக்கம் கைகொண்டுபோக முடியவில்லை.

உப்பங்காற்று (அரியாங்குப்பம்) எழுதியது:

ஊசிகளைத் தொடாதீர்கள். தரையில் சரியாகவும் வேகத்தில் மட்டும் தவறாகவும் ஓடும் என்ஜினில், பறக்கும்போது எது மாறுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்; கவுலுக்குள் இருக்கும் காற்றழுத்தம் மாறுகிறது.

கார்புரேட்டரின் ஒருபக்கம், நடுவே சிறு துளையுள்ள ஓர் உலோக மூடி இருக்கும். அதன் உள்ளே இருக்கும் டயஃப்ரம், அந்தத் துளைவழியாக வெளிக்காற்றின் அழுத்தத்தை உணர்ந்துதான் எவ்வளவு எரிபொருள் விட வேண்டும் என்று முடிவுசெய்கிறது. விமானம் விரையும்போது கவுலின் வாய்வழியாக வரும் காற்று அந்தத் துளையில் மோதினால், டயஃப்ரம் உள்ளே தள்ளப்பட்டு எரிபொருள் கூடுதலாகத் திறந்துவிடப்படுகிறது. வேகம் குறைந்ததும் அழுத்தம் இறங்கி, கலவை பழைய நிலைக்கு வருகிறது. நீங்கள் விவரித்தது எழுத்துக்கு எழுத்து இதேதான்.

தீர்வு எளிது. மூடியைக் கழற்றி, டயஃப்ரத்தைத் தூசி படாத இடத்தில் வைத்துவிட்டு, அந்தத் துளையின்மேல் ஒரு சிறு பித்தளைக் குழாயை ஈயப்பற்று வைத்துப் பொருத்துங்கள். துளை அடைபடக்கூடாது, ஊசியை நுழைத்துச் சரிபாருங்கள். குழாயில் மெல்லிய டியூப் மாட்டி, ஃபயர்வாலைத் தாண்டி உடலுக்குள், காற்று அசையாத இடத்தில் முனையை விட்டுவிடுங்கள். அதன்பிறகு ஊசிகளை முதலிலிருந்து அமைக்க வேண்டும்: முழுத் திறப்பில் எச்-ஊசியை மூடிக்கொண்டே போய், சுழற்சி உச்சம் தொட்டதும் சற்றே திறந்து, டேகோமீட்டரில் இருநூறு சுற்றாவது குறையும்படி நிறுத்துங்கள். பிறகு ஐடிலில் (மிகக் குறைந்த ஓட்டத்தில்) பத்து விநாடி விட்டு, த்ராட்டில் ஸ்டிக்கைச் சட்டென்று மேலே தள்ளுங்கள். சத்தமின்றி அணைந்தால் எல்-ஊசி மெலிந்திருக்கிறது. குமுறிக்கொண்டு தாமதமாக எழுந்தால் கனத்திருக்கிறது. இதைச் செய்யும்போது வால் கட்டப்பட்டிருக்கட்டும், நீங்கள் புரொப்பின் சுழல்வட்டத்துக்கு நேராக நிற்காதீர்கள்.

வெப்பத்துக்கு வருவோம். கவுலில் காற்று நுழையும் வாயைவிட வெளியேறும் வழி இரண்டு மடங்காவது பெரியதாக இருக்க வேண்டும், மூன்று மடங்கு என்றால் இன்னும் நல்லது. பலர் முன்வாயைத்தான் பெரிதாக்குகிறார்கள். வெளியேற முடியாத காற்று உள்ளே நின்று, அடுத்து வரும் காற்றையும் தடுக்கும். அதோடு பால்சாவில் ஒரு தடுப்பு செய்து, காற்று சிலிண்டரின் செதில்களுக்கு இடையே மட்டும் புகுந்து போகும்படி வழிமறியுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இது இல்லாமல் 30 சிசியை ஓட்டக்கூடாது.

இங்கே யாரும் சொல்லாத ஒன்று, பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். 100 மி.லி. அளவுக்குவளையில் 90 மி.லி. பெட்ரோலும் 10 மி.லி. தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்துப் பாருங்கள். அடியில் நிற்கும் தண்ணீர் 10-ஆம் கோட்டைத் தாண்டி எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் தண்ணீரோடு போய்ச் சேர்ந்த எத்தனால். நான் செய்தபோது கோடு 27-க்கு வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நமக்கு ஈரத்துக்குப் பஞ்சமில்லை. எனவே மாலையில் டேங்க்கைக் காலிசெய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை என்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். டயஃப்ரம் விறைத்துப்போவதும், பேரிங் துருப்பிடிப்பதும் பெரும்பாலும் பறக்காத நாட்களில்தான் நடக்கின்றன.

லேத்துப் பட்டறை எழுதியது:

ஒரு சேர்க்கை மட்டும். த்ராட்டில் சர்வோவுக்கும் கார்புரேட்டர் கைக்கும் இடையே உலோகத்தோடு உலோகம் உரசும் இணைப்பு இருக்கக்கூடாது, நைலான் பால்-லிங்க் போடுங்கள். சிக்னல் அறுந்தால் த்ராட்டில் ஐடிலுக்கு இறங்கும்படி ஃபெயில்-சேஃப் அமைத்துவிட்டீர்களா? பிளக்கின் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, இக்னிஷனை ஆன் செய்து புரொப்பைச் சுழற்றாதீர்கள்; தீப்பொறிக்குப் போக வழியில்லாமல் மாட்யூல் கெட்டுவிடும்.

கெடிலக்கரை எழுதியது:

பித்தளைக் குழாயை வைத்தேன்; கவுலின் அடியில் வெளியேறும் வழியை இரண்டரை மடங்காக்கினேன். உறுமல் அடியோடு போய்விட்டது. ஃபெயில்-சேஃப் அமைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்துவிட்டேன்.

நேற்று காலை ஆறரை மணிக்கு, கடற்காற்று எழுவதற்கு முன், பாகூர்ப் பக்கத்துத் தரிசில் செங்குத்து ஏற்றத்தைச் சோதித்தோம். லாஸ்பேட்டை விமான நிலையத்தை முன்னிட்டு வான்வெளி வரைபடத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனோம். விமானம் என்னைவிட்டு நேராக விலகிப் போகும்படி வைத்து, முழு வலுவில் மேலே இழுத்து, சுக்கான் ஸ்டிக்கைத் தொடாமல் விட்டேன். ஆறு ஏற்றங்களில் ஐந்தில் உச்சிக்கு அருகே மூக்கு மிக மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. கிடைமட்டத்தில் சுக்கான் டிரிம் சரியாக இருந்ததால், இது த்ரஸ்ட் போதாமைதான் என்று முடிவுசெய்தோம்.

போல்ட்களுக்கு இடையே அகலவாக்கில் 60 மி.மீ. என்பதால், அரை மில்லிமீட்டர் வாஷரை இந்தமுறை இடப்பக்க ஸ்டாண்ட்-ஆஃப்களுக்குப் பின்னால் வைத்தேன். ஏறத்தாழ அரைப் பாகை கூடியது. அடுத்த நான்கு ஏற்றங்களும் கோடு கிழித்தாற்போல் போயின. ஸ்பின்னர் இப்போது கவுலின் மையத்திலிருந்து 1.3 மி.மீ. வலப்பக்கம் நிற்கிறது. கவுலின் திருகுத் துளைகளைச் சற்று நீட்டி அதையும் மறைத்துவிடலாம்தான், ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.